பச்சை காட்டிய 48 புத்தகங்கள்: ஒரு லைப்ரரி சேல் கணக்கு

48 புத்தகங்கள். நூலகம் ஒன்றின் பழைய புத்தக விற்பனையில் வாங்கியவை. பார்கோடை ஸ்கேன் செய்தால், வாங்கி ஆன்லைனில் விற்க ஏற்றதா என்று சொல்லும் போன் ஆப், அத்தனைக்கும் பச்சை காட்டியது. வாங்கிய விலை, விற்கும் தளத்தின் கட்டணம் எல்லாம் போக 412 டாலர் லாபம் வரும் என்று கணக்கும் சொன்னது. ஆறு மாதம் கழித்து என் கையில் நின்றது 117 டாலர். அதே நாள், அதே மேசைகளிலிருந்து, ஆப்பால் எதுவுமே சொல்ல முடியாத 4 புத்தகங்களை 8 டாலருக்கு வாங்கியிருந்தேன். அவற்றில் மூன்று விற்றன, செலவு போக 88 டாலர் நின்றது.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு புத்தகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். பழைய புத்தகம் வாங்கி ஆன்லைனில் விற்கலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் பார்க்கிற வீடியோக்களில் போன் 'பீப்' என்கிறது, பச்சை எரிகிறது, புத்தகம் வண்டிக்குள் போகிறது, அத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் முழு வியாபாரமும், அதனால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில். இங்கே பெரும்பாலான ஊர்களில் பொது நூலகம் உண்டு, அதோடு 'நூலக நண்பர்கள்' என்று ஒரு தன்னார்வக் குழுவும் பல இடங்களில் உண்டு. வீடு மாறுகிறவர்கள், பெற்றோர் இறந்தபின் வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லாம் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக நூலகத்தில் கொண்டுவந்து கொடுப்பார்கள். குழு அவற்றைப் பிரித்து அடுக்கி, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை விற்கும். அந்தப் பணம் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளுக்கும் புதுப் புத்தகங்களுக்கும் போகும். நான் போன இடத்தில் கெட்டி அட்டை 2 டாலர், பேப்பர்பேக் 1 டாலர். கடைசி நாளில் ஒரு பை நிறைய அள்ளிக்கொள்ளலாம், பைக்கு 5 டாலர். நியூயார்க் மாநிலத்தில் இதாகா ஊரில் நடக்கும் பெரிய விற்பனையில் நாளுக்கு நாள் விலை இறங்கிக்கொண்டே வரும், கடைசியில் ஏறக்குறைய சும்மா கொடுக்கிற நிலைக்கு வந்துவிடும். இங்கே புத்தகத்தின் கொள்முதல் விலை ஒரு பிரச்சினையே இல்லை. எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை, அந்த இடத்தில்தான் ஆப் உள்ளே வருகிறது.

ஆப் செய்வது இவ்வளவுதான். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் பார்கோடு உண்மையில் அதன் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண். 2007 ஜனவரி 1 முதல் அது 13 இலக்கம், பெரும்பாலும் 978 என்று தொடங்கும். அதற்கு முன்பு 10 இலக்கம். புத்தகங்களுக்கு அமேசான் தன் சரக்கு எண்ணாக அந்தப் பத்து இலக்கத்தையே பயன்படுத்திக்கொண்டது, அதனால் பார்கோடிலிருந்து அமேசான் பக்கத்துக்குப் போவது மிகச் சுலபம். பக்கத்திலேயே ஐந்து இலக்கத்தில் இன்னொரு சின்னப் பார்கோடு இருக்கும், அது அச்சிட்ட விலை: 51995 என்றால் அமெரிக்க டாலரில் 19.95. கேமரா சில நேரம் அதைப் படித்துவிட்டு 'கிடைக்கவில்லை' என்று சொல்லும், விரலால் மறைத்துக்கொண்டு மறுபடி காட்டவேண்டும். எண் கிடைத்ததும் ஆப் மூன்று விஷயங்களைக் கொண்டுவரும்: இப்போது மற்றவர்கள் கேட்கும் குறைந்த விலை, விற்பனை ரேங்க் (எண் சின்னதாக இருந்தால் நன்றாக விற்கிறது என்று பொருள்), கட்டணங்கள் போக நமக்கு மிஞ்சுவது. நாம் முன்கூட்டியே ஒரு விதி வைத்திருப்போம். நான் வைத்திருந்தது, 4 டாலராவது மிஞ்சவேண்டும், ரேங்க் 20 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். இரண்டும் பொருந்தினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பல நூலகங்களில் விற்பனை நடப்பது பேஸ்மென்டில், அங்கே சிக்னல் இருக்காது, அதனால் முழுப் பட்டியலையும் முதல் நாள் இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் சில ஆப்களில் உண்டு. நான் அப்படித்தான் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை

2024 அக்டோபர். கதவு திறக்க 40 நிமிடம் இருக்கும்போதே போய்விட்டேன், எனக்கு முன்னால் சுமார் முப்பது பேர் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் படிக்க வாங்க வந்தவர்கள், எத்தனை பேர் என்னைப்போல வந்தவர்கள் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. போனோடு சேர்த்து விரலில் மாட்டும் புளூடூத் ஸ்கேனர் வைத்திருந்தவர்களை மட்டும் எண்ணினேன், ஐந்து பேர்.

திறந்ததும் நடந்ததை எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். இரண்டு பேர் பாடப்புத்தக மேசையில் இருந்ததை அப்படியே பெட்டிகளில் வாரி, சுவரோரம் கொண்டுபோய்ப் போர்வை போட்டு மூடிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார்கள். வேண்டாததை அங்கேயே தரையில் விட்டுவிட்டுப் போனார்கள். எழுபது வயதைத் தாண்டிய தன்னார்வலர் ஒருவர் குனிந்து குனிந்து அவற்றைப் பழையபடி மேசைக்குக் கொண்டுவந்தார். சில நூலகக் குழுக்கள் ஸ்கேனர்களையே தடை செய்திருக்கின்றன, சில குழுக்கள் ஸ்கேன் செய்கிறவர்களுக்குத் தனி நேரமோ தனிக் கட்டணமோ வைக்கின்றன. அது நியாயம்தான். மேசையிலேயே நின்று, ஒன்றை எடுத்து, பார்த்து, இருந்த இடத்தில் இருந்தபடி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கூடுதலாக இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியைக் கொடுக்க முடியாதவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றரை மணி நேரத்தில் சுமார் 400 புத்தகம் ஸ்கேன் செய்தேன். பச்சை காட்டியவை 57. அதில் 9 புத்தகங்களைத் திறந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்: பக்கமெல்லாம் மஞ்சள் மார்க்கர், முதுகு உடைந்தது, சிகரெட் வாடை. மிச்சம் 48. கெட்டி அட்டை 30, பேப்பர்பேக் 18, மொத்தம் 78 டாலர். பார்கோடே இல்லாத நான்கு கெட்டி அட்டைப் புத்தகங்களையும் 'இதில் ஏதோ இருக்கிறது' என்ற எண்ணத்தில் எடுத்துக்கொண்டேன், அதற்கு 8 டாலர். வெளிநாட்டு மொழிப் பெட்டியில் ஒரு பழைய தமிழ்ச் சமையல் புத்தகம் கிடைத்தது, அதற்கும் எண் கிடையாது. அது வீட்டுக்கு, கணக்கில் சேர்க்கவில்லை.

பணம் கட்டும் இடத்தில் இருந்த அம்மையார் என் போனைப் பார்த்துவிட்டு இயல்பாகச் சொன்னார்: "நாங்களும் இதேபோல ஒன்றுதான் வைத்திருக்கிறோம். நன்கொடை வந்ததும் பின்னறையில் ஸ்கேன் செய்துவிடுவோம். நல்ல விலை காட்டுவதைக் குழுவே ஆன்லைனில் போட்டுவிடும். மிச்சத்தைத்தான் இங்கே வைக்கிறோம்." அப்போது அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வண்டி நிறைந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

412 எப்படி 117 ஆனது

வீட்டுக்கு வந்து துடைத்து, ஸ்டிக்கர் உரித்து, நிலைமை எழுதி, பட்டியலிட்டு, பொதி கட்ட எல்லாமாக 9 மணி நேரம் ஆனது. அந்த வேலையிலேயே ஐந்து புத்தகம் கழிந்துவிட்டது. இரண்டில் உள்பக்கங்களில் பூஞ்சை, அட்டையில் எதுவும் தெரியவில்லை. ஒன்று வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்கு அனுப்பும் பிரதி. அதிலும் விற்பனைப் பிரதியின் ஐஎஸ்பிஎன்தான் இருந்தது, அதனால் ஆப் அதை உண்மையான புத்தகம் என்றே எடுத்துக்கொண்டது. ஆனால் அத்தகைய பிரதிகளை அமேசானில் விற்க அனுமதியில்லை. இன்னொன்று இரண்டு தொகுதிகளில் இரண்டாம் தொகுதி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண், ஆகவே திரையில் வந்த 90 டாலர் இரண்டு தொகுதிகளின் விலை. என்னிடம் இருந்தது பாதி, அதுவும் பின்பாதி. ஐந்தாவதை விற்க என் கணக்குக்கு அனுமதி இல்லை. ஆப்பை என் விற்பனைக் கணக்கோடு இணைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், நான் இணைக்கவில்லை, என் தவறு.

43 மிச்சம். 30 புத்தகங்களை இரண்டு பெட்டியில் அமேசான் கிடங்குக்கு அனுப்பினேன் (விற்றால் அவர்களே கட்டி அனுப்பும் முறை, எஃப்பிஏ), அனுப்பும் செலவு 22 டாலர். 13 புத்தகங்களை வீட்டில் வைத்து நானே தபாலில் அனுப்புவதாகப் போட்டேன்.

2025 ஏப்ரல் முடிவில் நிலவரம் இது. விற்றது 27. விற்று, வாங்கியவர் திருப்பி அனுப்பியது 2, அதில் ஒன்று முழுக்க என் கவனக்குறைவு, 140-ஆம் பக்கத்துக்கு மேல் பென்சில் கோடுகள் இருந்ததை நான் பார்க்கவில்லை. விற்காதது 14. விற்ற 27-க்கும் தளத்தின் கட்டணமும் தபாலும் போக வந்தது 231 டாலர். அதில் புத்தக விலை 78, பெட்டி அனுப்பிய 22, கிடங்கு வாடகையும் திரும்பி வந்ததன் செலவும் 14. மிச்சம் 117. ஆப்பின் மாதச் சந்தாவை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் குறையும். மொத்தம் பன்னிரண்டரை மணி நேர வேலை, ஆகவே மணிக்கு 9 டாலர் 36 சென்ட். 2025-இல் நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 15.49.

27 விற்றதே, அப்புறம் ஏன் இவ்வளவு குறைவு? அந்த 231-இல் 128 டாலர் ஐந்தே ஐந்து புத்தகங்களிலிருந்து வந்தது. மற்ற 22-ம் சேர்ந்து 103, சராசரியாக ஒன்றுக்கு ஐந்து டாலர்கூட இல்லை. ஆப் அந்த 22-க்கும் எட்டு, ஒன்பது, பதினொன்று என்று காட்டியிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். நாமே தபாலில் அனுப்பும் ஒரு புத்தகம் 12 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் தபாலுக்கு 3.99 சேர்த்துக் கொடுப்பார், மொத்தம் 15.99. அமேசான் மொத்தத்தில் 15 சதவீதம் எடுக்கும், 2.40. புத்தகம், இசைத்தட்டு போன்றவற்றுக்கு மட்டும் தனியாக 1.80. மாதச் சந்தா கட்டாத சின்ன விற்பனையாளர் என்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் 99 சென்ட். தபாலுக்கும் உறைக்கும் எனக்குச் சுமார் 5.50 ஆனது, அதுவும் புத்தகங்களுக்கென்றே அமெரிக்கத் தபால் துறை வைத்திருக்கும் மீடியா மெயில் என்ற மலிவுக் கட்டணத்தில். மிச்சம் 5.30, வாங்கிய 2 டாலரைக் கழித்தால் 3.30. அதே புத்தகத்தின் விலை 12-லிருந்து 6-க்கு இறங்கினால்? 9.99 வருகிறது, எல்லாம் போக 20 சென்ட் நிற்கிறது, புத்தக விலையைக் கழித்தால் 1.80 நஷ்டம். அதாவது விலை பாதியாகும்போது லாபம் பாதியாவதில்லை, காணாமலே போய்விடுகிறது. கட்டணத்தில் சதவீதமாக இருப்பது ஒன்று மட்டும்தான், மற்றதெல்லாம் புத்தகம் என்ன விலைக்குப் போனாலும் அசையாமல் நிற்பவை.

விலை ஏன் இறங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆப் காட்டுவது அந்த நிமிடத்தில் இருக்கும் குறைந்த விலை. நான் சனிக்கிழமை பார்த்த விலைக்குப் பட்டியலிட்டு, பெட்டி கிடங்குக்குப் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நர்சிங் தேர்வுக்கான ஒரு வழிகாட்டி, பார்த்தபோது 38 டாலர். விற்பனைக்கு வந்தபோது எனக்கு முன்னால் ஆறு பேர் கூடியிருந்தார்கள், குறைந்த விலை 19. அவர்களில் பலர் விலையைத் தானாக மாற்றும் மென்பொருள் வைத்திருப்பவர்கள். ஒருவர் ஐந்து சென்ட் குறைத்தால் மற்றவருடையது ஐந்து சென்ட் குறையும், அது இரவு பகல் பார்க்காது. கடைசியில் 11 டாலருக்குப் போனது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்த்த அதே 38-ஐ, அதே வாரத்தில், வேறு வேறு ஊர்களின் பேஸ்மென்டுகளில் நின்றுகொண்டு மற்றவர்களும் பார்த்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் பச்சை எரிந்திருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அந்த விலை எப்படி நிற்கும்?

ரேங்க் இன்னொரு கண்ணி. அது அடிக்கடி மாறும் எண். முப்பது லட்சத்தில் கிடக்கும் புத்தகம் ஒன்று விற்றால் போதும், சட்டென்று இரண்டு மூன்று லட்சத்துக்குத் தாவிவிடும், பிறகு நாளாக நாளாக மெல்ல நழுவும். இறக்கிவைத்த பட்டியல் அந்தத் தாவலின் உச்சியில் எடுத்ததாக இருந்தால், வருடத்துக்கு இரண்டு பிரதி போகும் புத்தகம்கூட வாரத்துக்கு இரண்டு போகிற மாதிரி தெரியும். விற்காத 14-ஐயும் பிறகு கீபாவில் போட்டுப் பார்த்தேன். அது அமேசானில் ஒரு பொருளின் விலையும் ரேங்க்கும் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்கின என்று கோடாக வரைந்து காட்டும் சேவை. ரேங்க் கோட்டில் ஒவ்வொரு திடீர்ச் சரிவும் அநேகமாக ஒரு விற்பனை. 14-இல் 8 புத்தகங்களுக்கு ஆறு மாதத்தில் இரண்டுக்கு மேல் சரிவு இல்லை. இதை வாங்குவதற்கு முன் பார்த்திருக்கவேண்டும், புத்தகத்துக்கு இருபது விநாடி போதும்.

அந்த 14-இல் ஒன்று இந்தியப் பதிப்பு, பொறியியல் பாடநூல், இங்கே மேற்படிப்புக்கு வந்த யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போனது. 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்று அட்டையிலேயே இருந்தது. சட்டப்படி விற்கலாம்: வெளிநாட்டில் முறையாக அச்சிட்டு விற்ற பிரதியை வாங்கியவர் அமெரிக்காவில் மறுவிற்பனை செய்ய உரிமை உண்டு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தாய்லாந்திலிருந்து வந்து இங்கே படித்த சுபாப் கிர்ட்செங் என்ற மாணவருக்கும் ஜான் வைலி பதிப்பகத்துக்கும் நடந்த வழக்கு அது. ஆனால் இந்தியப் பதிப்புக்கு ஐஎஸ்பிஎன் வேறு. அமெரிக்கப் பதிப்பின் பக்கத்தில் அதைப் போடக்கூடாது, அதற்கென்று இருக்கும் பக்கத்தில்தான் போடவேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விற்பனையாளர் 64 டாலர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆப் அதைப் பார்த்துப் பச்சை காட்டியது. ஒருவர் கேட்கும் விலைக்கும் யாராவது கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் ஆப்புக்குத் தெரியாது.

நன்றாகப் போன ஐந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்று வேதியியல் பாடநூலுக்கான விடைத் தொகுப்பு. நவம்பரில் 17 டாலருக்குக்கூட யாரும் தொடவில்லை, விலையைக் குறைக்காமல் விட்டேன், ஜனவரியில் கல்லூரி அடுத்த பருவம் தொடங்கியதும் விலை ஏறி 41-க்குப் போனது. பாடநூலுக்கு ஆகஸ்டும் ஜனவரியும்தான் சீசன். இன்னொன்று கோபோல் என்ற பழைய கணினி மொழியின் கையேடு. யார் வாங்குவார்கள் என்று தோன்றும். 2020 ஏப்ரலில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்து அரசுக் கணினிகள் திணறியபோது, கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று இந்த மாநில ஆளுநரே கேட்டார். அந்த மொழியில் எழுதிய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் புத்தகம் வேண்டும். மற்ற மூன்றும் இதே ஜாதி: மரவேலை இணைப்புகள் பற்றி ஒன்று, தேனீ வளர்ப்பு ஒன்று, பியானோ பழுதுபார்ப்பு ஒன்று. நாவல் ஒன்றுகூட இல்லை. நாவல்கள் ஏழு வாங்கியிருந்தேன், விற்ற நான்கும் சேர்ந்து 9 டாலர் கொடுத்தன.

பார்கோடு இல்லாத நான்கு

ஐஎஸ்பிஎன் உலகத் தரமாக வந்தது 1970-இல். அதற்கு முந்திய புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணே கிடையாது. அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஊர்ச் சங்கம், தேவாலயம், தொழிற்சாலை என்று தாங்களே அச்சடித்துக்கொண்டவர்கள் பலர் எண் வாங்கவில்லை. ஆப்பைப் பொறுத்தவரை இவையெல்லாம் உலகத்தில் இல்லாத புத்தகங்கள்.

அன்று எடுத்த நான்கில் முதலாவது, பக்கத்து மாவட்டத்துச் சின்ன ஊர் ஒன்றின் வரலாறு, 1964-இல் வந்தது. அந்த வருடம் முக்கியம். நியூ ஜெர்சி 1664-இல் ஆங்கிலேயர் கையில் உருவானது, 1964-இல் 300-வது ஆண்டைக் கொண்டாடினார்கள், அதையொட்டி ஊர் ஊராக வரலாறு எழுதிச் சின்ன எண்ணிக்கையில் அச்சிட்டார்கள். ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் அதே தலைப்பைத் தேடி, 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைப் போட்டுப் பார்த்தேன். அந்த வடிகட்டி ரொம்ப முக்கியம், மற்றவர்கள் கேட்கும் விலை அதில் வராது, உண்மையில் கைமாறிய விலை மட்டும் வரும். மூன்று பிரதிகள் கைமாறியிருந்தன, எல்லாம் 40-க்கு மேல். என்னுடையதில் கட்டணம் போக 38 நின்றது. வாங்கியவர் வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு பெண்மணி. தாத்தாவின் கடை அந்த ஊரின் பிரதான வீதியில் இருந்ததாம், அதன் படம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் கேட்டார். 52-ஆம் பக்கத்தில் இருந்தது, போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் வாங்கிவிட்டார்.

இரண்டாவது சிங்கர் தையல் மிஷினின் பழுதுபார்ப்புக் கையேடு, 1950-களில் வந்தது, யாரோ அதற்குக் கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்திருந்தார்கள். சிங்கரின் பெரிய தொழிற்சாலை இங்கே எலிசபெத் நகரத்தில் 1982 வரை இருந்தது, அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளிலிருந்து இந்தமாதிரி வந்துகொண்டே இருக்கும். நின்றது 17. மூன்றாவது கைத்தறி நெசவு வடிவங்கள் பற்றியது, கட்டம் கட்டமாகக் கையால் வரைந்த படங்கள். நின்றது 41, அன்று வாங்கிய 52-இல் அதிகம் கொடுத்தது இதுதான். நான்காவது தோல் அட்டை போட்ட 1920-களின் கவிதைத் தொகுப்பு, பார்க்க அவ்வளவு அழகு. விற்கவே இல்லை. தோல் அட்டையும் பொன் எழுத்தும் பார்த்து ஆசைப்பட்டேன், ஆனால் அந்தக் காலத்தில் அலமாரிக்காகவே லட்சக்கணக்கில் அடித்தவை அவை. பழசு என்பதால் மட்டும் யாரும் வாங்குவதில்லை, வேறு எங்கும் கிடைக்காத ஒரு விஷயம் உள்ளே இருந்தால் வாங்குகிறார்கள்.

மூன்றும் சேர்ந்து 96, போட்ட 8 போக 88. பணம் கட்டும் இடத்தில் அந்த அம்மையார் சொன்னது இதை எழுதிக் கூட்டியபோதுதான் உறைத்தது. பார்கோடு உள்ள எந்தப் புத்தகமும் என் கைக்கு வருவதற்கு முன்பே பின்னறையில் ஒரு தடவை சலிக்கப்பட்டுவிட்டது. அதற்குமேல் கூடத்துக்குள் இன்னும் ஐந்து பேர் அதே சல்லடையோடு நிற்கிறார்கள். நான் ஆறாவது ஆள். சல்லடை பிடிக்காத புத்தகங்களை மட்டும் யாரும் தொடாமல் மேசையிலேயே விட்டிருந்தார்கள். 400 புத்தகம் ஸ்கேன் செய்த மூன்றரை மணி நேரத்தில் அந்த நான்குக்கும் நான் கொடுத்தது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும்.

மே மாதம்

2025 மே மாதம் அதே நூலகத்துக்கு மறுபடி போனேன். இந்தமுறை வரிசையில் கடைசியாகப் போய் நின்றேன், அவசரம் இல்லை. நேராக உள்ளூர் வரலாறு, கைத்தொழில், 'இதர' என்று எழுதியிருந்த மேசைகளுக்குப் போனேன். தலைப்புப் பக்கத்தைத் திறப்பது, பின்பக்கத்தில் வருடமும் வெளியிட்டவர் பெயரும் பார்ப்பது, வெளியிட்டது ஏதாவது சங்கமோ தொழிற்சாலையோ என்றால் ஈபேயில் விற்று முடிந்த விலையைத் தேடுவது. ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஸ்கேன் செய்தது சுமார் 130 மட்டும். பச்சை வந்தால் உடனே வண்டியில் போடவில்லை: திரையில் வரும் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மிச்சத்திலும் 4 டாலர் நிற்கிறதா என்று பார்த்தேன், கீபாவில் ஆறு மாதத்தில் ஆறு சரிவாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டேன், பக்கங்களை விசிறிப் பார்த்து முகர்ந்தும் பார்த்தேன். 21 பச்சையில் 14 தேறியது. பார்கோடு இல்லாதவை 9. செலவு 41 டாலர். கூடத்தில் இரண்டரை மணி நேரம், வீட்டில் ஆறு மணி நேரம்.

நவம்பர் வரை விற்றது 16: பச்சையில் 10, பார்கோடு இல்லாததில் 6. எல்லாம் போக 183 டாலர், மணிக்கு இருபத்தொன்றரை. கிடங்குக்கு எதையும் அனுப்பவில்லை, எல்லாம் வீட்டிலிருந்தே. இரண்டு தடவையை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, மே மாதம் நல்ல நன்கொடை வந்த மாதமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்த புத்தகம் ஒன்றுகூட இல்லை, பூஞ்சையும் இல்லை, அது நான் திறந்து பார்த்ததால்தான்.

முதல் தடவை விற்காமல் நின்ற 14-இல் கிடங்கில் இருந்தவற்றைத் திரும்ப வரவழைத்து, 11 புத்தகங்களை அதே நூலகத்தின் நன்கொடைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.

ஆப்பின் சந்தாவை நிறுத்தவில்லை. பாடநூல் மேசைக்கு அது வேண்டும், 130 புத்தகத்தை அரை மணியில் கழித்துக்கட்ட வேறு வழி கிடையாது. ஆனால் அடுத்த விற்பனை ஏப்ரலில், அதற்கான தயாரிப்பு இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடக்கிறது. இந்த மாநிலத்தில் முன்பு எங்கே என்ன செய்தார்கள் என்று ஊர் ஊராக எழுதி வருகிறேன். எலிசபெத்தில் சிங்கர். ட்ரென்டனில் ரோப்ளிங் கம்பிவடம், லெனாக்ஸ் பீங்கான். கேம்டனில் ஆர்சிஏ விக்டர் ரேடியோ, இசைத்தட்டு. பேட்டர்சனில் பட்டு ஆலைகள், அந்த நெசவுப் புத்தகம்கூட அங்கிருந்து வந்திருக்கலாம். இந்தப் பெயர்களில் ஏதாவது தலைப்புப் பக்கத்தில் தென்பட்டால் நின்று பார்ப்பேன். நேற்று வினெலேண்டில் கண்ணாடி என்று சேர்த்தேன், பட்டியல் இப்போது இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.